பொன் அரிக்கும் பெட்டி

ஒரு லிட்டர் பாட்டில் நிறையத் தண்ணீர் பிடித்தால் எடை ஒரு கிலோ. அதே அளவுக்கு வெங்கச்சங்கல் கட்டி ஒன்று எடுத்தால் 2.65 கிலோ இருக்கும். வரப்பு ஓரத்தில் கிடக்குமே, இரண்டை எடுத்து உரசினால் இருட்டில் ஒளி தெரியுமே, அந்த வெள்ளைக் கல்தான் வெங்கச்சங்கல். ஆற்று மணலில் பெரும்பகுதி அதன் பொடிதான். சரி, அதே ஒரு லிட்டர் அளவுக்குத் தங்கம் கிடைத்தால்? 19.3 கிலோ! இரண்டு கையாலும் தூக்கினால்கூட உங்களுக்கு மூச்சு வாங்கும்.

ஆற்று மணலில் தங்கம் தேடுகிறவர்கள் நம்பியிருப்பது இந்த எடை வித்தியாசத்தைத்தான். தங்கத்தின் மஞ்சள் நிறம் அவர்களுக்கு உதவுவது கடைசிக் கட்டத்தில் மட்டுமே. ஒரு வண்டி மணலுக்குள் ஒரு சிட்டிகைத் தூள் ஒளிந்திருந்தால் கண்ணால் எப்படித் தேடுவது? அந்த வேலையைத் தண்ணீரிடம் கொடுத்துவிடுகிறார்கள். அதற்காக ஆற்றில் வைக்கும் பெட்டிக்கு ஸ்லூஸ் பெட்டி என்று பெயர். அதில் மோட்டார் இல்லை, மின்சாரம் இல்லை, சுழலும் சக்கரம் ஒன்றுகூட இல்லை. ஆனாலும் அதைச் சரியாக வைக்கத் தெரிந்தவருக்கு ஆற்றின் குணமே தெரிந்திருக்கும்.

ஏன் தண்ணீர்? காற்றில் தூற்றி எடுக்கக் கூடாதா? கூடாது என்றில்லை. ஆனால் தண்ணீர் நமக்கு ஒரு பெரிய உதவி செய்கிறது. எந்தப் பொருளைத் தண்ணீரில் முக்கினாலும், அது விலக்கிய தண்ணீரின் எடை அளவுக்கு அதன் கனம் குறைந்துபோகும். ஆர்க்கிமிடீஸ் சொன்ன விதி இது. ஒரு லிட்டர் அளவுள்ள கட்டி ஒரு கிலோ தண்ணீரை விலக்குகிறது. ஆகவே 2.65 கிலோ கல், தண்ணீருக்குள் 1.65 கிலோவாக இளைத்துவிடும். 19.3 கிலோ தங்கமோ 18.3 கிலோவாகத்தான் குறையும். இப்போது வகுத்துப் பாருங்கள். தரையில் தங்கம் கல்லைவிட 7 மடங்கு கனம். தண்ணீருக்குள் 11 மடங்கு கனம்! கல் தன் கனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் இழக்கிறது, தங்கத்துக்கு அந்த இழப்பு தெரியவே இல்லை. தண்ணீரில் அரிப்பதன் ரகசியம் இந்தக் கணக்கில்தான் இருக்கிறது.

இந்தப் பெட்டி உண்மையாக வேலை செய்யும் ஓர் இடத்துக்குப் போவோம். நியூசிலாந்தின் தெற்குத் தீவில் ஒட்டாகோ என்ற வட்டாரம். அங்குள்ள மலைகள் ஷிஸ்ட் என்ற பாறையால் ஆனவை. ஏடு ஏடாக அடுக்கிவைத்ததுபோல் இருக்கும். அந்தப் பாறையின் வெடிப்புகளுக்குள், பூமியின் ஆழத்திலிருந்து ஏறிவந்த கொதிநீர் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் தங்கத்தைக் கொண்டுவந்து படியவைத்தது. பிறகு மழையும் பனியும் மலையைத் தேய்த்தன. உதிர்ந்த தங்கம் ஆறுகளுக்கு வந்து சேர்ந்தது.

அங்கே தங்கம் இருப்பதை முன்கூட்டியே கண்டு சொன்னவர்களில் ஒருவர் நம் நாட்டில் பிறந்தவர். எட்வர்ட் பீட்டர்ஸ் என்பது அவர் பெயர். கப்பலில் வந்து இறங்கிப் பண்ணைகளில் கூலி வேலை பார்த்தவர். 1850களின் இறுதியிலேயே டுவாபெக்கா ஆற்றுப் பக்கம் அவர் தங்கத்துகள்களைப் பார்த்துவிட்டார். அந்தச் செய்தியைப் பிடித்துக்கொண்டு 1861 மே மாதம் கேப்ரியல் ரீட் என்பவர் ஒரு மண்வெட்டி, ஒரு தகரத் தட்டு, ஒரு கசாப்புக் கத்தி இவற்றோடு மலைகளுக்குள் போனார். ஓர் ஓடைப் பள்ளத்தில் நிறையத் தங்கம் கண்டார். சில மாதங்களில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் அங்கே குவிந்துவிட்டார்கள். அந்தப் பள்ளத்துக்கு இன்றும் கேப்ரியலின் பெயர்தான். பரிசுப் பணமும் அவருக்குத்தான் போனது. பீட்டர்ஸுக்குப் பல ஆண்டுகள் கழித்து, முதுமையில், ஒரு சிறு உதவித்தொகை கிடைத்தது. முன்பே கண்டவரை ஊர் மறந்தது சரியில்லை என்பதே என் எண்ணம். அதனால்தான் அவர் பெயரை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று எழுதுகிறேன்.

இன்றும் ஒட்டாகோவில் கேப்ரியல் பள்ளம், ஆரோ ஆறு போன்ற சில இடங்களை அரசு பொதுமக்களுக்குத் திறந்துவைத்திருக்கிறது. தட்டு, சல்லடை, மண்வெட்டி, ஸ்லூஸ் பெட்டி என்று கையால் இயங்கும் கருவிகளோடு யார் வேண்டுமானாலும் போகலாம். கிடைத்ததை வைத்துக்கொள்ளலாம். எந்திரம் கூடாது. மற்ற இடங்களில் அனுமதி இல்லாமல் தொடக்கூடாது. அந்த நாட்டுச் சட்டப்படி மண்ணில் இருக்கும் தங்கம் அரசின் சொத்து.

ஆற்றங்கரையில் இறங்கியதும் உடனே பெட்டியை எடுக்காதீர்கள். முதலில் ஆற்றைப் பார்க்க வேண்டும். வேகமாக ஓடும் தண்ணீர் எதையும் தூக்கிக்கொண்டு போகும். வேகம் குறைந்த இடத்தில் கனமானதை முதலில் கீழே போடும். ஆகவே ஆறு எங்கே தயங்குகிறது என்று கவனிக்க வேண்டும். வளைவின் உட்புறத்தில் தயங்கும். பெரிய பாறைக்குப் பின்னால் தயங்கும். ஒட்டாகோவில் இன்னொரு வசதியும் உண்டு. அந்த ஏடு ஏடான ஷிஸ்ட் பாறை, சில இடங்களில் ஆற்றின் அடியில் சாய்ந்து, ஓட்டத்துக்குக் குறுக்கே பல் பல்லாக நீட்டிக்கொண்டிருக்கும். உருண்டு வரும் தங்கம் அந்தப் பல்லிடுக்குகளில் போய் மாட்டிக்கொள்ளும். மனிதர்கள் பெட்டி செய்வதற்கு எத்தனையோ காலம் முன்பே ஆறு தனக்கொரு ஸ்லூஸ் பெட்டி செய்து வைத்திருந்தது!

நம் பெட்டி அதன் சின்ன வடிவம்தான். ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளம், ஒரு சாண் அல்லது அதைவிடச் சற்று அதிக அகலம். மேல்முனையும் கீழ்முனையும் திறந்த வாய்க்கால் போல இருக்கும். அலுமினியத்திலோ பிளாஸ்டிக்கிலோ மரத்திலோ செய்வார்கள். தண்ணீர் நுழையும் வாய் சற்று விரிந்திருக்கும். அடியில் வரிவரியான ரப்பர் விரிப்போ சுணையுள்ள கம்பளமோ போட்டு, அதன் மேல் குறுக்குச் சட்டங்களை வரிசையாகப் பொருத்தியிருப்பார்கள். உங்கள் பாட்டி வீட்டில் அரிக்கன்சட்டி இருந்தால் எடுத்துப் பாருங்கள். உட்புறம் வளையம் வளையமாக வரி இருக்கும். அரிசியைத் தண்ணீரோடு சுழற்றிச் சரித்தால் அரிசி வழிந்து வந்துவிடும், கல் வரியில் தங்கிவிடும். குறுக்குச் சட்டங்கள் செய்வதும் அந்த வேலையைத்தான்.

இந்தச் சட்டத்துக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். மேலே ஓடும் தண்ணீர் சட்டத்தைத் தாண்டிக் குதிக்கிறது. சட்டத்தின் பின்புறம் உள்ள தண்ணீர் அந்த வேகத்தோடு போக முடியாமல் பின்தங்குகிறது. மேல் தண்ணீர் இழுக்க, கீழ்த் தண்ணீர் தயங்க, நடுவில் ஒரு சுழி பிறக்கிறது. படுத்த உருளை ஒன்று இடைவிடாமல் உருண்டுகொண்டே இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சுழிக்குள் விழும் லேசான மணல் மேலே தூக்கப்பட்டு, ஓட்டத்தில் அகப்பட்டு வெளியே போய்விடும். கனமான தங்கத்தை அந்தச் சுழியால் தூக்க முடியாது. அது கீழே இறங்கி விரிப்பின் சுணைக்குள் புகுந்துகொள்ளும். சுழிக்கு இன்னொரு வேலையும் உண்டு. தேங்கியிருக்கும் மணலை இறுகவிடாமல் கிளறிக்கொண்டே இருக்கிறது. மணல் இளக்கமாக இருந்தால்தான் புதிதாக வரும் தங்கம் அதற்குள் இறங்க முடியும். இறுகிவிட்டால், தங்கம் மேலேயே சறுக்கிக்கொண்டு ஆற்றோடு போய்விடும்.

ஆக, எல்லாமே தண்ணீரின் வேகத்தில் இருக்கிறது. வேகத்தை எப்படிக் கட்டுப்படுத்துவது? பெட்டிக்கு விடும் வாட்டத்தால். ஓர் அடி நீளத்துக்கு ஓர் அங்குலம் சரிவு என்று தொடங்குவது வழக்கம். ஒரு மீட்டர் பெட்டிக்கு ஏறத்தாழ 8 சென்டிமீட்டர். முன்பக்கம் ஒரு தட்டைக் கல்லை அண்டக்கொடுத்து, இரு பக்கமும் பெட்டி மட்டமாக இருக்கிறதா என்று பார்த்து, மேலே ஒரு கனமான கல்லை வைத்துவிட்டால் நகராது. சட்டங்களுக்கு மேலே இரண்டு மூன்று விரற்கடைத் தண்ணீர் ஓடினால் போதும்.

கொஞ்சம் கூடினால் என்ன ஆகிவிடப் போகிறது என்று நினைக்கக் கூடாது. ஓடும் தண்ணீரின் வேகம் இரண்டு மடங்கானால், அது உருட்டக்கூடிய கல்லின் எடை இரண்டு மடங்கல்ல, ஏறத்தாழ 64 மடங்காகிவிடும்! இரண்டை ஆறு முறை பெருக்கிப் பாருங்கள், 64 வரும். ஆற்றுப் பொறியியலில் பழைய கணக்கு இது. வெள்ளக் காலத்தில் குட்டி ஓடைகூட யானைத் தலை அளவுப் பாறையை உருட்டிக்கொண்டு வருவது இதனால்தான். பெட்டியின் வாட்டத்தை அரை அங்குலம் கூட்டுவதும் குறைப்பதும் சின்ன விஷயமல்ல.

சரியாக இருக்கிறதா என்று பெட்டியே சொல்லும். ஒரு கரண்டி சரளை மண்ணைப் போட்டுவிட்டுச் சட்டங்களுக்குப் பின்னால் பாருங்கள். மணல் சட்டத்தின் உயரம்வரை நிரம்பி, அசையாமல் கிடந்தால் வேகம் போதாது. வாட்டத்தைக் கூட்டுங்கள். அடி விரிப்பு பளிச்சென்று தெரியும்படி எல்லாம் கழுவிக்கொண்டு போயிருந்தால் வேகம் அதிகம், தங்கமும் போயிருக்கும். சட்டத்துக்குப் பின்னால் பாதி இடம் காலியாக, மீதிப் பாதியில் கருமணல் துள்ளிக்கொண்டே இருந்தால், அதுதான் சரியான அளவு. கருமணல் என்பது பெரும்பாலும் மாக்னடைட் என்ற இரும்புத் தாது. மணலைவிடக் கனம், தங்கத்தைவிட லேசு. அதுவே தங்கியிருக்கிறது என்றால், தங்கமும் பெரும்பாலும் தங்கியிருக்கும்.

அடுத்தது சல்லடை. பலருக்கும் சலிப்பாக இருக்கும் வேலை இது. வாரி வாரிக் கொட்டினால்தானே நிறையக் கிடைக்கும், எதற்குச் சலிக்க வேண்டும் என்று கேட்பார்கள். மறுபடியும் அந்த 11 மடங்கை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு மில்லிமீட்டர் குறுக்களவுள்ள தங்க உருண்டையும் ஏறத்தாழ 11 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள வெங்கச்சங்கல் உருண்டையும் தண்ணீரில் ஒரே வேகத்தில்தான் இறங்கும். கல் லேசாக இருந்தாலும் பெரிதாக இருப்பதால் தங்கத்துக்கு ஈடுகொடுத்துவிடும். தண்ணீருக்கு எடையைப் பிரிக்கத் தெரியும். ஆனால் அளவு கலந்துகிடந்தால் அது குழம்பிப்போகும். பெரிய கல்லைத் தள்ள வேகத்தைக் கூட்டினால் பொடித் தங்கம் போய்விடும். கூட்டாவிட்டால் கல் சட்டத்தில் அடைத்துக்கொள்ளும். அதனால் விரல் நுனி அளவுள்ள ஓட்டைகள் கொண்ட சல்லடையில் முதலில் சலித்து, பெரிய கற்களைத் தனியாகக் கழுவிவிட்டு, சிறியதை மட்டும் பெட்டிக்குக் கொடுக்கிறார்கள். தூள் தங்கம் கிடைக்கும் ஆறுகளில் இன்னும் நுண்ணிய சல்லடை வேண்டும்.

களிமண் கட்டி கண்டால் விடக்கூடாது. வாளித் தண்ணீரில் கையால் பிசைந்து கரைக்க வேண்டும். கட்டியாகவே பெட்டிக்குள் உருண்டால், போகிற வழியில் சிக்கியிருக்கும் தங்கத்தையும் ஒட்டி எடுத்துக்கொண்டு போய்விடும்.

பெட்டிக்கு மண் கொடுக்கும்போது நிதானம் வேண்டும். மேல் வாயருகே, ஒரு சமயத்தில் ஒரு கைக்கரண்டி. அது கழுவி முடிந்தபின் அடுத்தது. ஒரே தடவையில் வாளியைக் கவிழ்த்தால் எல்லாச் சுழிகளும் மூடிப்போகும். அவ்வப்போது பெட்டியின் கடைவாயிலிருந்து விழும் மண்ணில் கொஞ்சம் எடுத்துத் தட்டில் அரித்துப் பார்ப்பார்கள். அதில் தங்கம் தென்பட்டால் பெட்டி ஏதோ தவறு செய்கிறது என்று அர்த்தம். நிறுத்திச் சரிசெய்ய வேண்டும். நல்ல தேடுநர் தன் பெட்டியைச் சோதித்துக்கொண்டே இருப்பார். எனக்கு இந்தத் தொழிலில் மிகவும் பிடித்த பகுதி இதுதான். விஞ்ஞானியும் தன் ஆய்வில் இதைத்தான் செய்கிறார்.

முடிக்கும் நேரத்தில் பெட்டியை ஆட்டாமல், மட்டமாகத் தூக்கி, ஒரு பெரிய தொட்டியில் வைத்துச் சட்டங்களைக் கழற்றி, விரிப்பைக் கழுவுகிறார்கள். மிஞ்சுவது சில பிடி கருமணல். அதைத் தட்டில் சுழற்றி அரிக்க வேண்டும். அரித்த மணலைக் காயவைத்துக் காந்தத்தைக் காட்டினால் மாக்னடைட் எழுந்து ஒட்டிக்கொள்ளும், தங்கம் வராது. மிக நுண்ணிய தங்கத்துகள் எண்ணெய்ப்பசையோடு இருந்தால் தண்ணீரின் மேற்பரப்பு இழுவிசையில் மிதக்கக்கூடச் செய்யும்! இத்தனை கனமான உலோகம் மிதக்கிறதே என்று வியப்பாக இருக்கும். தொட்டித் தண்ணீரில் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் விட்டால் மூழ்கிவிடும். அந்தத் தண்ணீரை ஆற்றில் கொட்டக்கூடாது.

மினுங்குவதெல்லாம் தங்கமா? ஷிஸ்ட் பாறையில் காக்காப்பொன் நிறைய உண்டு. வெயிலில் கண்ணைப் பறிக்கும். தட்டை நிழலுக்குத் திருப்பிப் பாருங்கள். காக்காப்பொன் மங்கிவிடும், தங்கம் நிழலிலும் அதே மஞ்சளாக இருக்கும். ஊசியால் அழுத்தினால் காக்காப்பொன் உதிரும், தங்கம் நசுங்கும்.

எவ்வளவு கிடைக்கும்? ஒரு மில்லிமீட்டர் நீள அகல உயரமுள்ள தங்கத்துகள் 19.3 மில்லிகிராம் இருக்கும். ஒரு பவுன் என்பது 8 கிராம். அப்படியென்றால் ஏறத்தாழ 415 துகள் சேர்ந்தால்தான் ஒரு பவுன். ஆற்றில் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை அதைவிடச் சின்ன, தகடு போன்ற துணுக்குகள். இன்று அங்கே போகிறவர்கள் பணக்காரர் ஆவதற்காகப் போவதில்லை.

இந்தப் பெட்டிக்கு வயது அதிகம். கருங்கடல் கரையில், இன்றைய ஜார்ஜியா நாட்டு மலை ஓடைகளில், ஆட்டுத்தோலை விரித்துத் தங்கம் பிடித்தார்கள் என்று கிரேக்க அறிஞர் ஸ்ட்ராபோ ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்கு முன் எழுதியிருக்கிறார். ரோமச் சுருள்தான் அவர்களுடைய விரிப்பு. ஜெர்மனியின் அக்ரிகோலா எழுதி 1556ல் வெளிவந்த சுரங்க நூலில், குறுக்குத் தடுப்புகளும் துணியும் தோலும் போட்ட வாய்க்கால்களின் படங்கள் இருக்கின்றன. நம் ஊரிலும் இதற்கு உறவு உண்டு. கோயம்புத்தூரில் நகைப்பட்டறைத் தெருக்களின் சாக்கடை மண்ணை அள்ளித் தட்டில் அரித்து, பட்டறையிலிருந்து தப்பிவந்த தங்கப்பொடியைச் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். ஆறு வேறு, அறிவியல் ஒன்றுதான்.

ஆனால் சின்னப் பெட்டியோடு மனிதர்கள் நிற்கவில்லை. பீரங்கிபோல் தண்ணீரைப் பீய்ச்சி மலைச்சரிவுகளையே கரைத்து நீளமான வாய்க்கால்களில் ஓடவிட்டார்கள். ஒட்டாகோவில் செயின்ட் பாதன்ஸ் என்ற ஊரில் ஒரு குன்றே இப்படிக் குழியாகிப் போனது. இன்று அது நீலநிற ஏரி. பொடித் தங்கத்தை ஒட்டவைத்துப் பிடிக்க வாய்க்காலில் பாதரசத்தையும் ஊற்றினார்கள். பாதரசம் நரம்பைக் கெடுக்கும் நஞ்சு. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் அன்று ஆற்றில் கலந்த பாதரசம் இன்றும் சேற்றிலும் மீனிலும் இருக்கிறது. அங்கே மலையைக் கரைத்த மண் கீழே உள்ள வயல்களை மூடியதால் உழவர்கள் வழக்குப் போட்டார்கள். 1884ல் நீதிமன்றம் அந்த மண்ணை ஆற்றில் விடத் தடை விதித்தது. நல்ல தீர்ப்பு. வாட்டத்தையும் வேகத்தையும் சரியாக வைக்கத் தெரிந்தவருக்குப் பாதரசம் தேவையே இல்லை.

இதையெல்லாம் வீட்டில் செய்து பார்க்க முடியும், தங்கமே இல்லாமல். மழைநீருக்கு வைக்கும் பிவிசி குழாயில் ஒரு மீட்டர் துண்டைப் பெரியவர் ஒருவரிடம் கொடுத்து நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து வாங்குங்கள். வரிவரியான பழைய கார் மிதியடியை, வரிகள் குறுக்கே வரும்படி வெட்டி உள்ளே போடுங்கள். சைக்கிள் கடையில் மிகச் சிறிய எஃகுக் குண்டுகள் 20 வாங்கி, சலித்த மணல் ஒரு சிறு வாளியில் கலந்துவிடுங்கள். எஃகு தண்ணீரைவிட ஏறத்தாழ 7.8 மடங்குதான் கனம், அதோடு உருண்டை. ஆகவே தங்கத்தைவிட இதைப் பிடிப்பது கடினம். அதுவே நல்ல பயிற்சி. மேலே ஓஸ் குழாயில் தண்ணீர் விட்டு, கீழே ஒரு தொட்டி வையுங்கள். அந்தத் தண்ணீர் செடிக்கு ஆகும். குழாயை ஆற்றுக்கோ குளத்துக்கோ தூக்கிக்கொண்டு போகாதீர்கள், மொட்டைமாடியோ கொல்லைப்புறமோ போதும். குண்டுகளைத் தவழும் குழந்தை கையில் எட்டாமல் வையுங்கள்.

முதலில் 4 சென்டிமீட்டர் வாட்டம், பிறகு 8, பிறகு 15 என்று மாற்றிப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் அதே அளவு மணல், அதே அளவு தண்ணீர். வரிகளில் எத்தனை குண்டு தங்கியது, தொட்டிக்கு எத்தனை ஓடியது என்று காந்தத்தால் எடுத்து எண்ணி நோட்டில் எழுதுங்கள். பிறகு சலிக்காத மணலில் ஒரு தடவை, வாளியை ஒரேயடியாகக் கவிழ்த்து ஒரு தடவை செய்து, எண்ணிக்கை எப்படி மாறுகிறது என்று ஒப்பிடுங்கள். 20க்கு 20ம் தங்கும் வாட்டம் எது என்று கண்டுபிடியுங்கள். நோட்டில் படமும் வரைந்து வைத்தால் இன்னும் நல்லது.